அனுப்பப்படாத கடிதங்கள்: லிங்கன் ஆவணத் தொகுப்பும் 1864 ஆகஸ்ட் மாதமும்

ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு கடிதம் தமிழகத்தில் நெடுங்காலமாக உலவி வருகிறது. ஆசிரியர் தின மலர்களில் அச்சாகிறது. பள்ளிச் சுவர்களில் எழுதப்படுகிறது. மேடைகளில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படுகிறது. ராய் பாஸ்லர் பதிப்பித்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1953 முதல் 1955 வரை வெளியிட்ட லிங்கன் எழுத்துகளின் எட்டுத் தொகுதிகளில் அது இல்லை. வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காத்துவரும் லிங்கன் ஆவணங்களிலும் இல்லை. மூலப் பிரதியை எவரும் காட்டியதில்லை. நம்மிடையே மிகப் பரவலாக வாசிக்கப்படும் லிங்கன் கடிதம் அவர் எழுதாத கடிதம்.

அவர் எழுதியவையும் அவருக்கு எழுதப்பட்டவையும் வேறோர் உலகம். காங்கிரஸ் நூலகத்தின் தொகுப்பில் மட்டும் 40,000-க்கு மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. பெரும்பகுதி 1850-களையும் உள்நாட்டுப் போர் நடந்த 1861–1865 காலத்தையும் சேர்ந்தவை. அதிபரின் மேசைக்கு வந்த கடிதங்கள், தளபதிகளின் அறிக்கைகள், வேலை கேட்ட மனுக்கள், மிரட்டல்கள், வாழ்த்துகள், உரை வரைவுகள், அனுப்பாமல் மடித்து வைக்கப்பட்ட தாள்கள் எல்லாம் அதில் அடக்கம். இன்று இவை எண்மப் படங்களாக எவருக்கும் எட்டும் தொலைவில் இருக்கின்றன.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். ஒரு போர்க்கால அதிபரின் ஆவணத் தொகுப்பைப் படித்து அவருடைய மனத்தை எந்த அளவுக்கு அறிய முடியும்?

இதற்கு இருவகை விடைகள் நெடுநாளாக இருந்துவருகின்றன. லிங்கனின் செயலர்கள் ஜான் நிக்கோலேயும் ஜான் ஹேயும் எழுதிய பத்துத் தொகுதி வரலாறு 1890-இல் வெளிவந்தது. அதிபரின் ஆவணங்கள் தங்கள் கையில் இருந்ததே அந்த நூலின் தனி அதிகாரம் என்று அவர்கள் கருதினார்கள். லிங்கனுடன் சேர்ந்து வழக்கறிஞர் தொழில் நடத்திய வில்லியம் ஹெர்ன்டனோ எதிர்த்திசையில் போனார். அரசுத் தாள்களில் மனிதர் அகப்படமாட்டார் என்று எண்ணி, லிங்கனை அறிந்த அண்டை வீட்டாரிடமும் உறவினரிடமும் நேரிலும் கடிதம் வழியாகவும் கேட்டு நினைவுகளைச் சேகரித்தார். அந்தச் சேகரம் 1941-இல் காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஒன்று தாளை நம்பியது, மற்றொன்று நினைவை. இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி, அந்தத் தாள்கள் எப்படித் தொகுப்பாயின, எவை வெளியே நின்றுபோயின என்பது. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

1. பெட்டிகள் கடந்த வழி

1865 ஏப்ரல் 15 அன்று லிங்கன் இறந்தார். அன்றைய வழக்கப்படி அதிபரின் அலுவலகத் தாள்கள் அவருடைய சொந்த உடைமை. ஆகவே அவை குடும்பத்துக்குப் போயின. அமெரிக்க அதிபரின் ஆவணங்கள் அரசுக்கு உரியவை என்று சட்டம் சொன்னது 1978-இல்தான். மூத்த மகன் ராபர்ட் டாட் லிங்கனுக்கு அப்போது வயது 21. தாள்கள் பெட்டிகளில் கட்டப்பட்டு இலினாய் மாநிலத்தின் புளூமிங்டனுக்கு அனுப்பப்பட்டன. லிங்கனின் சொத்துகளை நிர்வகித்த நீதிபதி டேவிட் டேவிஸின் ஊர் அது. அங்கே ஒரு வங்கியின் காப்பறையில் அவை கிடந்தன.

1874-இல் ராபர்ட் அவற்றை வாஷிங்டனில் இருந்த நிக்கோலேயிடம் ஒப்படைத்தார். வரலாறு எழுதும் பணி தொடங்கியது. இந்த ஒப்படைப்புக்கு ஒரு விலை இருந்தது. கைப்பிரதி அச்சுக்குப் போகுமுன் ராபர்ட்டின் பார்வைக்குப் போகவேண்டும். அவருக்குப் பிடிக்காத பகுதிகள், குறிப்பாகக் குடும்பத்தின் எளிய தொடக்கம் பற்றியவை, திருத்தப்பட்டன. செயலர்களின் வரலாற்றை இன்று வாசிப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. மூலத் தாள்களைப் பார்த்து எழுதியவர்களே அத்தாள்களின் உரிமையாளருக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள்.

1901-இல் நிக்கோலே இறந்ததும் தாள்கள் அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஹேயின் பொறுப்புக்கு வந்தன. 1905-இல் ஹேயும் இறந்தார். பெட்டிகள் மீண்டும் ராபர்ட்டிடம் போயின. 1919-இல் அவற்றைக் காங்கிரஸ் நூலகத்தில் வைப்பாக வைத்தார். 1923 ஜனவரி 23 அன்று நன்கொடைப் பத்திரம் எழுதினார். தான் இறந்து 21 ஆண்டுகள் கழியும்வரை எவரும் பார்க்கலாகாது என்பது நிபந்தனை. லிங்கன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த முன்னாள் செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜ் எவ்வளவோ கேட்டும் அனுமதி கிடைக்கவில்லை.

மூடிய பெட்டி கதைகளை வளர்த்தது. ராபர்ட் தாள்களைத் தீயிலிட இருந்ததாகவும் தானே தடுத்ததாகவும் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் நிக்கலஸ் மர்ரி பட்லர் சொன்னார். தந்தையின் கொலையில் அமைச்சர் ஒருவருக்குப் பங்கு இருந்ததற்கான சான்றை மகன் மறைத்துவிட்டார் என்ற பேச்சும் பரவியது. போர் அமைச்சர் ஸ்டான்டன் மீது ஐயத்தைத் தூண்டும் நூலொன்றை ஆட்டோ ஐசன்ஷிமில் 1937-இல் எழுதியபின் அந்தப் பேச்சு வலுத்தது. பட்லரின் கதையை ஏற்பது கடினம். அவர் சொல்லும் நிகழ்ச்சிக்கு முன்பே தாள்கள் நூலகத்தின் காவலில் இருந்தன, பத்திரமும் எழுதப்பட்டுவிட்டது. குடும்பத்தின் அந்தரங்கத் தாள்கள் சிலவற்றை ராபர்ட் விலக்கியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் பெருந்தொகுப்பைக் காத்தவரும் அவரே. இந்த இரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

நிபந்தனைக் காலம் முடிந்து, 1947 ஜூலை 26, நள்ளிரவு கடந்த முதல் நிமிடத்தில் தொகுப்பு திறக்கப்பட்டது. கவிஞரும் லிங்கன் வரலாற்றாசிரியருமான கார்ல் சாண்ட்பர்க், வரலாற்றாசிரியர்கள் ஜேம்ஸ் ராண்டல், பால் ஏஞ்சல் முதலியோர் தூங்காமல் காத்திருந்தார்கள். 194 தொகுதிகளாகக் கட்டப்பட்டிருந்த அந்தத் தாள்களில் சதியும் இல்லை, மறைக்கப்பட்ட குற்றமும் இல்லை. செய்தித்தாள்கள் ஏமாந்தன. ஆய்வாளர்களுக்கு வேறொன்று தெளிவானது: மிகப்பெரும்பாலானவை லிங்கன் எழுதியவை அல்ல, லிங்கனுக்கு எழுதப்பட்டவை. அவர் எழுதி அனுப்பிய கடிதங்கள் இயல்பாகவே பெற்றவர்களிடம் போய்விட்டன. பாஸ்லரின் பதிப்புக்கு அவற்றை நாடெங்கும் தேடித் திரட்ட வேண்டியிருந்தது. தொகுப்பின் பெயர் லிங்கன் ஆவணங்கள். அதில் கேட்பது பெரிதும் பிறர் குரல்.

அவர் கையெழுத்திலான பேராவணங்களின் கதியும் இதையே காட்டுகிறது. கெட்டிஸ்பர்க் உரைக்கு அவர் கைப்பட்ட ஐந்து படிகள் உள்ளன. காலத்தால் முந்தியவை என்று கருதப்படும் இரண்டும் ராபர்ட்டின் பெட்டிகளில் இல்லை. ஹேயின் பிள்ளைகள் 1916-இல் அவற்றை நூலகத்துக்குத் தனியே அளித்தார்கள். அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தின் இறுதி வரைவைத் தன் கைப்பட எழுதிய லிங்கன், போர் நிவாரண நிதி திரட்டும் கண்காட்சிக்காகச் சிகாகோவுக்குக் கொடுத்தார். 1871-இல் சிகாகோ நகரம் எரிந்தபோது அதுவும் எரிந்தது. 1862 செப்டம்பரில் வெளியிட்ட முன்னறிவிப்பின் கைப்பிரதி அதே போன்ற கண்காட்சி வழியாக நியூயார்க் மாநில நூலகத்துக்குப் போய், 1911-இல் ஆல்பனியில் அந்த நூலகத்தைப் பிடித்த தீயிலிருந்து தப்பிப் பிழைத்தது.

2. கையொப்பம் யாருடையது?

தொகுப்பில் இருக்கும் கடிதத்தை லிங்கன் படித்தார் என்று சொல்ல முடியுமா? அவர் பெயரில் போன கடிதத்தை அவரே எழுதினார் என்று சொல்ல முடியுமா?

ஹே 1866-இல் ஹெர்ன்டனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இங்கே முக்கியமான சான்று. அதிபர் தமக்கு வந்த கடிதங்களில் ஐம்பதில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை என்கிறார் ஹே. தொடக்கத்தில் எல்லாவற்றையும் அவரிடம் கொண்டுபோகச் செயலர்கள் முயன்றார்கள். பிறகு பொறுப்பு முழுவதும் அவர்களிடமே வந்துவிட்டது. தான் லிங்கனின் பெயரில் எழுதியவற்றை அவர் படிக்காமலே கையொப்பமிட்டார் என்பதும் ஹேயின் கூற்று. இளம் செயலர் தன் பங்கைச் சற்றுப் பெரிதாக்கியிருக்கக்கூடும். அதற்காகச் சாட்சியத்தைத் தள்ளிவிடவும் இயலாது. அஞ்சலைப் பிரித்துப் பார்த்தவர்களில் ஒருவர் அவர்.

பிக்ஸ்பி கடிதம் பற்றிய வழக்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது. பாஸ்டனில் வசித்த விதவை லிடியா பிக்ஸ்பி போரில் ஐந்து மகன்களை இழந்தார் என்று கேள்விப்பட்டு, 1864 நவம்பர் 21 தேதியிட்டு வெள்ளை மாளிகையிலிருந்து ஓர் இரங்கல் கடிதம் சென்றது. சில நாட்களில் பாஸ்டன் இதழொன்றில் அச்சானது. ஆங்கில உரைநடையின் உச்சங்களில் ஒன்று என்று பலரும் அதைப் போற்றுகிறார்கள். மூலப் பிரதி தொலைந்துவிட்டது. ஐந்து மகன்களில் இருவர்தாம் போரில் இறந்தது உறுதியானது என்று படைப் பதிவேடுகள் பின்னர் காட்டின. எழுதியவர் ஹே என்று வரலாற்றாசிரியர் மைக்கேல் பர்லிங்கேம் வாதிட்டார். 2017-இல் மொழியியலாளர் சிலர் கணினி வழியாகச் சொற்சேர்க்கைகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வும் ஹேயின் பக்கமே சாய்ந்தது. அது ஒரு குறுங்கடிதம். நடையை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில் இடர் உண்டு. எனினும் ஹேயின் 1866 சாட்சியத்தையும் நடை ஆய்வையும் சேர்த்துப் பார்க்கும்போது, அக்கடிதத்தைக் கொண்டு லிங்கனின் துயரத்தை அளப்பது சரியல்ல என்றே நான் கருதுகிறேன்.

போலிகளையும் இங்கே ஒரு சொல்லால் கடந்துவிட முடியாது. 1928 டிசம்பர் முதல் 'அட்லான்டிக் மன்த்லி' இதழ், இளமையில் லிங்கனும் ஆன் ரட்லெஜும் எழுதிக்கொண்ட காதல் கடிதங்கள் என்று சிலவற்றை வெளியிட்டது. நாடே படித்து உருகியது. பால் ஏஞ்சல் அவற்றின் உள்விவரங்களைச் சோதித்தார். 1834 தேதியிட்ட கடிதத்தில் ஒருவர் கான்சாஸுக்குக் குடிபெயர்வதாக வருகிறது. கான்சாஸ் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டது 1854-இல். நில அளவையில் 40-ஆம் பிரிவு என்று ஒரு குறிப்பு. அமெரிக்க அளவை முறையில் ஒரு வட்டகைக்கு 36 பிரிவுகள்தாம். லிங்கன் நில அளவையாளராக வேலை பார்த்தவர், அவருக்கு இது தெரியாமல் இருக்காது. உருக்கம் சான்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 2011-இல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இன்னொரு மோசடியை வெளிப்படுத்தியது. லிங்கன் ஒரு வீரருக்கு வழங்கிய மன்னிப்பாணையில் 1864 என்ற ஆண்டு 1865 என்று திருத்தப்பட்டிருந்தது. அவர் சுடப்பட்ட நாளில் செய்த கடைசிச் செயல்களில் ஒன்றாக அதைக் காட்டுவதற்காக. காப்பகத்தின் உள்ளே இருப்பதும் சோதனைக்கு அப்பாற்பட்டதல்ல.

3. 1864 ஆகஸ்ட்

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும் லிங்கனின் மனம் தாளில் தெரியும் இடங்கள் உண்டு. அவற்றில் மிகச் செறிவானது 1864 ஆகஸ்ட் மாதம் என்பது என் துணிபு. அந்த ஒரு மாதத்து ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

பின்னணி இது. ஒன்றியத் தளபதி கிராண்ட்டின் படை வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் முன் தேங்கி நின்றது. இன்னொரு தளபதி ஷெர்மன் இன்னும் அட்லாண்டாவைப் பிடிக்கவில்லை. இறந்தோர் பட்டியல் நீண்டுகொண்டிருந்தது. ஜூலை 18 அன்று லிங்கன் எழுதிய திறந்த குறிப்பு, சமாதானத்துக்கு இரண்டு நிபந்தனைகளை வைத்தது: ஒன்றியம் முழுமையாக மீளவேண்டும், அடிமைமுறை கைவிடப்பட வேண்டும். ஒன்றியத்துக்காகப் போரை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் இரண்டாவது நிபந்தனையைக் கண்டு கொதித்தார்கள். நவம்பரில் தேர்தல்.

அவர்களில் ஒருவர் விஸ்கான்சினின் பத்திரிகையாசிரியர் சார்லஸ் ராபின்சன். கறுப்பின மக்களின் விடுதலைக்காகத்தான் போரா என்று அவர் கேட்டு எழுதினார். ஆகஸ்ட் 17 அன்று லிங்கன் ஒரு பதில் வரைந்தார். விடுதலை பெற்றுப் படையில் சேர்ந்தவர்களைக் கைவிடுவது அறமும் ஆகாது, பயனும் தராது என்று நெடுக வாதிடும் அந்த வரைவு, கடைசியில் திசை திரும்புகிறது. அடிமைமுறையைப் பற்றி எதுவும் பேசாமல் சமாதானமும் ஒன்றிப்பும் தரத் தென்னகத் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் முன்வந்தால், என்னைச் சோதித்துப் பார்க்கட்டும் என்ற பொருளில் முடிகிறது. கதவு சற்றே திறந்துவிடப்படுகிறது.

ஆகஸ்ட் 19 அன்று ஃபிரெடரிக் டக்ளஸ் வெள்ளை மாளிகைக்கு வந்தார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். அந்நாளின் மிகப் பெரிய கறுப்பினத் தலைவர். லிங்கன் அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டார். கூடாது என்றார் டக்ளஸ். அடிமைமுறை எதிர்ப்பையே நீங்கள் கைவிட்டதாக உலகம் எடுத்துக்கொள்ளும் என்றார். இதை அக்டோபரில் நண்பர் தியோடர் டில்டனுக்கு எழுதிய கடிதத்தில் டக்ளஸே சொல்கிறார். ராபின்சனுக்கான கடிதம் அனுப்பப்படவில்லை. அதே நாளில் விஸ்கான்சினிலிருந்து வந்த வேறிருவரிடமும் லிங்கன் பேசினார். வந்தவர்களில் ஒருவரான ஜோசப் மில்ஸின் நாட்குறிப்பின்படி, போரிட்ட கறுப்பின வீரர்களை மீண்டும் அடிமைகளாக்கினால் இம்மையிலும் மறுமையிலும் தனக்கு மீட்சி இல்லை என்றார். நாட்குறிப்பு பிறர் வாய்ச்சாட்சியம். சொற்களுக்கு அது உத்தரவாதம் தராது. ஆனாலும் அதன் போக்கு ராபின்சன் வரைவின் முதற்பகுதியோடு ஒத்துப்போகிறது.

ஆகஸ்ட் 22 தேதியிட்ட கடிதம் நியூயார்க்கிலிருந்து வந்தது. எழுதியவர் லிங்கனுடைய கட்சியின் தேசியக் குழுத் தலைவர் ஹென்றி ரேமண்ட். 'நியூயார்க் டைம்ஸ்' ஆசிரியரும் அவரே. இலினாய், பென்சில்வேனியா, இண்டியானா, நியூயார்க் என ஒவ்வொரு மாநிலமாகக் கைநழுவுவதாகத் தகவல். படைவெற்றி இல்லாததும், அடிமைமுறை ஒழியும்வரை சமாதானம் இல்லை என்ற எண்ணமும் காரணங்கள். அரசியலமைப்பின் மேலாண்மையை ஏற்பது மட்டுமே நிபந்தனை என்று சொல்லி டேவிஸிடம் தூது அனுப்பலாம் என்பது யோசனை. இந்தக் கடிதம் தொகுப்பில் இருக்கிறது.

மறுநாள், ஆகஸ்ட் 23, லிங்கன் ஒரு தாளில் சில வரிகள் எழுதினார். இந்த அரசு மீண்டும் தேர்வாகப் போவதில்லை என்றே தோன்றுகிறது; அப்படியானால் தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் இடைப்பட்ட காலத்தில் புதிய அதிபரோடு ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்பது என் கடமை; ஏனென்றால் பதவியேற்றபின் அவரால் காக்க இயலாது, அத்தகைய நிலைப்பாட்டில்தான் அவர் வென்றிருப்பார். சாரம் இவ்வளவே. தாளை மடித்து ஒட்டி, அமைச்சர்களிடம் கொடுத்து, உள்ளே இருப்பதைக் காட்டாமல் பின்பக்கத்தில் கையொப்பம் வாங்கினார். தேர்தலில் வென்றபின் நவம்பர் 11 அன்று அமைச்சரவையில் அதைப் பிரித்துப் படித்தார். கிழியாமல் பிரிக்க ஒட்டிய இடத்தை வெட்ட வேண்டியிருந்தது என்று ஹேயின் நாட்குறிப்பு சொல்கிறது.

ஆகஸ்ட் 24 அன்று இன்னொரு வரைவு. ரேமண்ட் தாமே டேவிஸைச் சந்தித்துப் பேசலாம் என்று அதிகாரமளிக்கும் கடிதம் அது. ஒன்றியமும் தேசிய அதிகாரமும் மீண்டால் போர் உடனே நிற்கும், மற்ற கேள்விகள் அமைதி வழிகளில் தீரட்டும் என்று முன்மொழியலாம் என்கிறது. மற்ற கேள்விகளில் அடிமைமுறையும் ஒன்று. இதுவும் அனுப்பப்படவில்லை. 25-ஆம் தேதி ரேமண்ட் குழுவோடு வந்தார்; தூது அனுப்புவது தேர்தலில் தோற்பதைவிடக் கேடானது, போராடுமுன்பே சரணடைவது என்று லிங்கனும் அமைச்சர்களும் அவரை இணங்கச் செய்தார்கள்.

இந்த இரண்டு அனுப்பாத கடிதங்களைப் படிப்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். ரேமண்டின் யோசனை எவ்வளவு பயனற்றது என்று அவருக்கே புலப்படுத்தவே லிங்கன் அதை எழுத்தில் வடித்தார் என்பது நிக்கோலே, ஹே தரப்பின் விளக்கம். அவர் உண்மையிலேயே தடுமாறினார், சில நாட்களேனும் விடுதலை நிபந்தனையைத் தளர்த்த எண்ணினார் என்பது பிந்தைய ஆய்வாளர் சிலரின் வாசிப்பு. முதல் விளக்கம் ராபின்சன் வரைவுக்குப் பொருந்தாது. வெறும் வாத உத்தியாக எழுதிய ஒன்றை டக்ளஸிடம் காட்டி, அனுப்பலாமா என்று கேட்க வேண்டியதில்லை. ஆகவே தடுமாற்றம் இருந்தது என்று கொள்வதே நேர்மை. ஆனால் தடுமாற்றத்தை முடிவாகக் காட்டுவது அதைவிடப் பெரிய பிழை. அனுப்பாமல் வைத்ததும் அவர் செய்த செயல். எழுதியதற்கு எவ்வளவு எடையோ அதற்கும் அவ்வளவு எடை உண்டு.

லிங்கனிடம் இது பழக்கமாகவே இருந்தது. கெட்டிஸ்பர்க்கில் வென்ற தளபதி மீட், தோற்றோடிய தென்னகத் தளபதி லீயின் படையைப் பொடோமாக் ஆற்றைக் கடக்க விட்டுவிட்டார் என்ற ஆற்றாமையில் 1863 ஜூலை 14 அன்று ஒரு கடுமையான கடிதம் எழுதினார். பிறகு உறையின்மேல், மீடுக்கு எழுதியது, கையொப்பமிடவும் இல்லை அனுப்பவும் இல்லை என்று தன் கைப்படக் குறித்து வைத்தார். ஆய்வாளர் டக்ளஸ் வில்சன் 2006-இல் வெளியிட்ட 'லிங்கன்'ஸ் ஸ்வோர்ட்' நூலில் காட்டியிருப்பதுபோல, லிங்கனுக்கு எழுதுவது என்பது யோசிக்கும் வழி. அதை ஏற்கிறேன். ஆனால் அனுப்பாத கடிதம்தான் உண்மை மனம், அனுப்பியது வேடம் என்று இதிலிருந்து நீட்டிவிடலாகாது. 1862-இன் நிகழ்ச்சி அப்படி நினைப்பவர்களைத் தடுத்து நிறுத்தும். அவ்வாண்டு ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய திறந்த கடிதத்தில், ஒன்றியத்தைக் காப்பதே குறிக்கோள், அடிமைகளை விடுவிப்பதும் விடாததும் அதைப் பொறுத்தே என்றார். அப்போது விடுதலைப் பிரகடனத்தின் முதல் வரைவு, ஜூலை 22 அன்றே அமைச்சரவையில் படிக்கப்பட்டு, ஒரு படைவெற்றிக்காகக் காத்திருந்தது. கிரீலி கடிதத்தை மட்டும் படிப்பவர் லிங்கனை அடிமைமுறை பற்றிக் கவலையற்றவர் என்று முடிவு கட்டுகிறார். வரைவையும் உடன் வைத்துப் படிப்பவருக்கு, வரப்போகும் பிரகடனத்துக்கு மக்களைப் பக்குவப்படுத்தும் கடிதம் அது என்று தெரியும். கிரீலி கடிதமும் பொய்யல்ல, அது முழுமையல்ல.

4. வேறு கட்டடத்தில் இருந்த கடிதங்கள்

ஆகஸ்ட் 29 அன்று டக்ளஸ் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தேர்தலில் லிங்கன் தோற்றுச் சமாதானம் அவசரமாக வந்துவிட்டால், அதற்குள் இயன்றவரை அதிகமான அடிமைகளைத் தென்னகத்திலிருந்து வெளியேற்றிவிட வேண்டும் என்று 19-ஆம் தேதி லிங்கன் கேட்டிருந்தார். அதற்கான திட்டம் இது. முகவர்களை அமர்த்தி, படைகளின் எல்லையைத் தாண்டி உள்ளே அனுப்புவது. செப்டம்பர் 2 அன்று அட்லாண்டா வீழ்ந்தது. அரசியல் காற்று மாறியது. திட்டத்துக்குத் தேவை ஏற்படவில்லை. இக்கடிதம் காங்கிரஸ் நூலகத்தின் லிங்கன் தொகுப்பில் உள்ளது. டக்ளஸ் நாடறிந்தவர், அவருடைய கடிதம் அதிபரின் மேசையில் தங்கியது.

பெயர் தெரியாத கறுப்பின மக்கள் எழுதியவை அப்படித் தங்கவில்லை. அதிபருக்கென்று முகவரியிட்ட அவர்களுடைய கடிதங்களில் பலவற்றைச் செயலர்கள் போர்த் துறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே 1863 மே மாதம் தொடங்கப்பட்ட கறுப்பினப் படைப் பிரிவின் கோப்புகளில் அவை சேர்ந்தன. இன்று அவை தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1976-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆவணத் திட்டம் அந்தக் கோப்புகளைத் துழாவி வெளிக்கொணரும்வரை, லிங்கன் கடிதங்கள் என்ற பேச்சில் அவற்றுக்கு அநேகமாக இடமே இல்லை. ஜொனாதன் வைட் 2021-இல் பதிப்பித்த நூல் இத்தகைய கடிதங்களை ஒருசேரத் தந்தது. லிங்கன் ஆய்வில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த மிக முக்கியமான மாற்றம் என்று இதையே சொல்வேன்.

ஹன்னா ஜான்சன் என்ற தாய் 1863 ஜூலை 31 அன்று பஃபலோ நகரிலிருந்து எழுதினார். அவர் மகன் கறுப்பின வீரர்களைக் கொண்ட 54-ஆம் மாசசூசெட்ஸ் படையில் இருந்தான். பிடிபட்ட கறுப்பின வீரர்களைத் தென்னகம் அடிமைகளாக விற்றால் அதற்கு ஈடான நடவடிக்கையை அதிபர் எடுக்க வேண்டும், இரக்கம் என்ற பெயரில் தயங்கக் கூடாது என்பது அவர் வாதம். லிங்கன் அதற்கு முந்தைய நாளே அத்தகைய ஆணையைப் பிறப்பித்திருந்தார். அந்தத் தாய்க்கு அது தெரியாது. ஆணையை மட்டும் படித்தால் அதில் ஓர் அதிபரின் முடிவுதான் தெரியும். கடிதத்தோடு சேர்த்துப் படித்தால், அதே நீதியை எழுத்துக்கூட்டத் தடுமாறும் ஒரு பெண்ணும் அதே வாரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிகிறது.

இன்னொன்று ஆன்னி டேவிஸ் எழுதியது. மேரிலாந்து மாநிலத்தின் பெல் ஏர் என்ற ஊரில் அடிமையாக இருந்தவர். மேரிலாந்து ஒன்றியத்தை விட்டுப் பிரியாத மாநிலம். ஆதலால் விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லாது. கடிதம் சில வரிகளே. விடுதலை பெறவேண்டும், கிழக்குக் கரையில் இருக்கும் தன் மக்களைப் பார்க்கப் போகவேண்டும் என்கிறார். எஜமானி விடமாட்டேன் என்கிறாள். நாங்கள் விடுதலை பெற்றவர்களா, நான் என்ன செய்யலாம் என்று தெரிவியுங்கள் என்று அதிபரைக் கேட்கிறார். கடிதத்தின் தேதி 1864 ஆகஸ்ட் 25.

ரேமண்ட் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்திருந்த அதே நாள். விடுதலை நிபந்தனையைப் பேச்சுவார்த்தைக்கு விட்டுவிடலாமா என்று அங்கே விவாதம் நடந்தபோது, வாஷிங்டனிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓர் ஊரில் ஒரு பெண் அதே கேள்வியின் மறுபக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். மேரிலாந்தின் புதிய அரசியலமைப்பு அவ்வாண்டு நவம்பர் 1 அன்று அங்கே அடிமைமுறையை ஒழித்தது.

ரேமண்ட் கடிதம் ஒரு நிறுவனத்திலும் ஆன்னி டேவிஸ் கடிதம் இன்னொரு நிறுவனத்திலும் இருப்பது 1864-இல் ஒரு செயலர் செய்த பிரிப்பின் விளைவு. அரசியல் இது, மனு அது என்று அவர் பிரித்தார். பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் அந்தப் பிரிப்பைக் கேள்வியின்றி ஏற்று, அதிபரின் தடுமாற்றத்தைக் கட்சித் தலைவர்களின் நெருக்குதலாக மட்டும் எழுதினார்கள். நூலகத்தின் தாள்களைப் படியெடுக்கும் பணியில் நாக்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் சுமார் 10,000 ஆவணங்களை முடித்தார்கள். 2018-இல் பொதுமக்களும் இணையவழியே அந்தப் பணியில் கைகொடுக்கத் தொடங்கினார்கள். பணி பெரிது, போற்றத்தக்கது. ஆனால் ஒரு நிறுவனத்தின் அலமாரியை மட்டும் படியெடுத்தால் பழைய பிரிப்பு எண்ம வடிவில் நிலைத்துவிடும். ஸ்ப்ரிங்ஃபீல்டில் நடந்துவரும் லிங்கன் ஆவணப் பதிப்புத் திட்டம் தேசியக் காப்பகத்தின் கோப்புகளையும் தேடத் தொடங்கியதன் பெறுமானம் இங்கேதான் இருக்கிறது. 1864 ஆகஸ்ட் மாதத்தைத் தேதி வரிசையில் அச்சிடும் எந்தப் பதிப்பும், 24-ஆம் தேதி வரைவுக்கும் 29-ஆம் தேதி டக்ளஸ் கடிதத்துக்கும் நடுவே பெல் ஏரிலிருந்து வந்த அந்தச் சில வரிகளை வைத்தாக வேண்டும். பின்னிணைப்பில் அல்ல, அடிக்குறிப்பிலும் அல்ல, மற்றவற்றுக்குச் சமமான எழுத்தளவில்.